டெம்ப் ஃபோல்டரை அழிக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் கணினிப் பகுதியில், வீட்டுக் கணினியில் சேரும் தற்காலிகக் கோப்புகளை அழிப்பது எப்படி என்று ஒரு சிறு குறிப்பு வந்திருந்தது. அதில் சொன்னது இது: விண்டோஸ் பொத்தானையும் ஆர் பொத்தானையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் கட்டத்தில் டெம்ப் என்ற சொல்லை இரண்டு விழுக்காட்டுக் குறிகளுக்கு நடுவே தட்டுங்கள். திறக்கும் ஃபோல்டரில் உள்ள எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட் டெலீட் கொடுங்கள். பிறகு ப்ரீஃபெட்ச் ஃபோல்டருக்கும் அதையே செய்யுங்கள். "எல்லாம் குப்பைதான், யோசிக்கவே வேண்டாம்" என்று முடித்திருந்தார்கள்.

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. பள்ளி வேலை முடிந்த பிறகு வீட்டிலிருந்தபடியே நூல்களுக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுக்கிறேன். குறிப்பில் சொன்னதை ஓர் எழுத்து மாறாமல் செய்தேன். மூன்று நாள் வேலை போய்விட்டது. அந்தத் துண்டைக் கத்தரித்துக் கணினிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருப்பவர்கள் என்னைப் போல இன்னும் எத்தனை பேரோ. அவர்களுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இடம் கருதிச் சுருக்கிக்கொள்ளுங்கள். நடந்ததை மட்டும் வெட்டிவிட வேண்டாம்.

என்னோடு பல வருடம் வேலை பார்த்த ஆசிரியர் ஒருவர், தமது வகுப்பறை நினைவுகளை நூலாக எழுதியிருக்கிறார். எழுபது வயதைத் தாண்டியவர். இதுதான் அவருடைய முதல் நூல். 212 பக்கங்களையும் ஒரே ஜிப் கோப்பாகச் சுருக்கி மின்னஞ்சலில் அனுப்பினார். அதைச் சுருக்கு அவிழ்க்கும் ஒரு மென்பொருளில் திறந்தேன். உள்ளே வேர்டு கோப்பின் பெயர் தெரிந்தது. வெளியே எடுத்து ஓர் இடத்தில் வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பெயரின் மேலேயே இரண்டு முறை கிளிக் செய்தேன், நூல் திறந்துகொண்டது. வேலையைத் தொடங்கிவிட்டேன்.

அடிக்கடி கண்ட்ரோல் எஸ் அழுத்திச் சேமிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அன்றும் பத்தி தவறாமல் சேமித்தேன். மறுநாள் வேர்டைத் திறந்ததும் அண்மையில் பார்த்த கோப்புகளின் பட்டியலில் முதலாவதாக அதுவே நின்றது. கிளிக் செய்தால் முந்தின நாள் விட்ட இடம் வரை எல்லாத் திருத்தமும் அப்படியே இருக்கிறது. மூன்றாம் நாளும் அப்படித்தான். கோப்பு எங்கே இருக்கிறது என்று சந்தேகப்பட ஒரு காரணமும் இல்லை. சேமித்தால் சேமிக்கிறது, திறந்தால் திறக்கிறது. அப்புறம் என்ன?

அது இருந்த இடம் டெம்ப் ஃபோல்டர். சுருக்கு அவிழ்க்கும் மென்பொருள்கள் பலவும், உள்ளே இருக்கும் கோப்பை நேரடியாகத் திறந்தால், டெம்ப் ஃபோல்டருக்குள் புரியாத பெயரில் ஒரு சின்ன ஃபோல்டரை உண்டாக்கி, அதற்குள் ஒரு படியை எடுத்து வைத்துத்தான் திறக்கின்றன. நான் மூன்று நாளும் திருத்தியது அந்தப் படியை. மின்னஞ்சலில் வந்த மூலம் தொடாமல் கிடந்தது.

மூன்றாம் நாள் மாலை, 96ஆம் பக்கத்தில் நிறுத்தினேன். கணினி கொஞ்சம் இழுத்துக்கொண்டு ஓடுவதாகப் பட்டது. உங்கள் குறிப்பு கண்ணில் பட்டது. சொன்னபடியே செய்தேன். சில கோப்புகள் மட்டும் பயன்பாட்டில் இருப்பதாகச் சொல்லி மறுத்தன, அவற்றைத் தாண்டச் சொன்னேன். மீதி எல்லாம் ஒரு மூச்சில் போயின. வேர்டை அதற்கு முன்பே மூடியிருந்தேன். திறந்தே வைத்திருந்தால் அந்த ஒரு கோப்பும் மறுத்து நின்றிருக்கும், நானும் "இது என்ன, இங்கே நூலின் பெயர் வருகிறதே" என்று பார்த்திருப்பேன். நல்ல பழக்கம் என்று மூடி வைத்தது எனக்கு எதிராகத் திரும்பியது.

மறுநாள் காலை பட்டியலில் அதே பெயரைக் கிளிக் செய்தேன். கோப்பு இல்லை என்றது கணினி. இரண்டு மூன்று முறை கிளிக் செய்து பார்த்தேன். ரீசைக்கிள் பின்னைத் திறந்தேன், காலியாக இருந்தது. ஷிஃப்ட் சேர்த்து அழித்தால் அங்கே எதுவும் போகாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. விண்டோஸ் 95 காலத்திலிருந்து ரீசைக்கிள் பின் இருக்கிறது, எல்லோரும் தவறு செய்வோம் என்பதற்காகவே வைத்த தொட்டி அது. உங்கள் குறிப்பு அந்த ஒரே பாதுகாப்பையும் தாண்டிக் குதிக்கச் சொல்லிவிட்டது.

விவரம் தெரிந்த உறவுக்காரப் பையன் ஒருவன் வந்து மீட்டெடுக்கும் மென்பொருளை ஓட்டினான். பழைய மாதிரி ஹார்டு டிஸ்க்கில் அழித்தால், அந்த இடம் காலி என்று குறித்துக்கொள்வதோடு கணினி நிறுத்திக்கொள்ளும். மேலே வேறு எதுவும் எழுதப்படும் வரை பழையது அடியில் கிடக்கும், தோண்டினால் கிடைக்கலாம். என் கணினியில் இருப்பது எஸ்எஸ்டி என்ற புது வகை டிஸ்க். கோப்பை அழித்ததும் "இந்த இடம் இனி வேண்டாம்" என்று விண்டோஸ் அதற்குச் சொல்லிவிடும். இதற்கு ட்ரிம் என்று பெயர், 2009இல் வந்த விண்டோஸ் 7 முதல் இருக்கிறது. எஸ்எஸ்டியும் தன் வசதிக்கு அந்த இடத்தைத் துடைத்து வைத்துக்கொள்ளும். "பெயர் கிடைக்குது பெரியம்மா, உள்ளே ஒண்ணும் இல்லை" என்றான். அவன் காட்டிய கோப்பைத் திறந்தால் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை.

நூலை எழுதிய ஆசிரியருக்குத் தொலைபேசியில் சொன்னேன். "ஐயா, திருத்தினது எல்லாம் போயிடுச்சு."

"மூலம் இருக்கில்ல டீச்சர்? இன்னொரு தடவை படிச்சா ஆச்சு" என்றார், எனக்கு ஆறுதலாக.

மூலம் இருந்தது. மறுபடி படிக்கவும் செய்தேன். ஆனால் மெய்ப்புப் பார்ப்பவர்களுக்குத் தெரியும், ஒரே பக்கத்தை இரண்டு முறை படித்தால் கண் ஒரே இடத்தில் நிற்பதில்லை. நாற்பதாம் பக்கத்துக்கு அருகில் எங்கோ, 'மழை ஓய்ந்த பின்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'மலை ஓய்ந்த பின்' என்று இருந்ததை முதல் முறை திருத்தியது நன்றாக நினைவிருக்கிறது. இரண்டாம் முறை அந்தப் பக்கத்தைக் கடந்து வெகு தூரம் போன பிறகுதான் அது ஞாபகத்துக்கு வந்தது. திரும்பிப் போய்ப் பார்த்தால் 'மலை' அப்படியே நின்றுகொண்டிருக்கிறது, நான் படித்துத் தாண்டியிருக்கிறேன். நினைவிலிருந்து மீண்ட ஒன்று இது. நினைவுக்கு வராமல் போனவை எத்தனை என்று எனக்குத் தெரிய வழியில்லை. அச்சாகி வந்த பிறகு அவர் கண்ணில் படும்.

இனி உங்கள் குறிப்புக்கு வருகிறேன். அதில் முதல் பிழை 'குப்பை' என்ற சொல். ஒரு மென்பொருள் ஒன்றை டெம்ப் ஃபோல்டரில் வைக்கிறது என்றால், "எனக்கு இது இந்த வேலை முடியும் வரை போதும்" என்று அந்த மென்பொருள் நினைக்கிறது, அவ்வளவுதான். தற்காலிகம் என்பது அதன் கணக்கு. கணினிக்கு உரியவருக்கும் அது தற்காலிகமா என்று அது கேட்பதில்லை, கேட்கத் தெரியாது. பெரும்பாலும் இரண்டு கணக்கும் ஒத்துப்போகும். பாதியில் நின்ற நிறுவல்களின் மிச்சம், அச்சுப்பொறி விட்டுப்போன துண்டுகள், பூஜ்யம் பைட் அளவில் பெயர் மட்டும் இருக்கும் கோப்புகள் என்று அங்கே கிடப்பதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது யாருக்கும் வேண்டாதவை என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். அந்த மிச்சம் ஒன்றுக்காகத்தான் அழிக்கும் முன் பார்க்க வேண்டும் என்கிறேன்.

இதை நானாகச் சொல்லவில்லை. விண்டோஸ் 98 காலம் தொட்டு டிஸ்க் க்ளீனப் என்று ஒரு கருவி கூடவே வருகிறது. அதில் தற்காலிகக் கோப்புகள் என்ற வரியைத் தொட்டால் கீழே ஒரு விளக்கம் தெரியும். மென்பொருள்கள் மூடும் முன் இவற்றைப் பெரும்பாலும் தாமே அழித்துவிடும், ஒரு வாரத்துக்கும் மேலாக மாற்றப்படாத தற்காலிகக் கோப்புகளை அச்சமின்றி அழிக்கலாம் என்று அதில் இருக்கிறது. ஒரு வாரம் என்ற அந்த எல்லையைப் படித்தபோது எனக்கு மனசே ஆறவில்லை. என் கோப்பு கடைசியாக மாறியது அழிப்பதற்கு அரை மணி நேரம் முன்பு. அந்த ஒரு விதியைக் குறிப்பில் சேர்த்திருந்தால் 96 பக்கத் திருத்தமும் தப்பியிருக்கும்.

ஆகவே கையால் அழிக்க விரும்புகிறவர்கள், ஃபோல்டரைத் திறந்ததும் முதலில் தேதி வாரியாக வரிசைப்படுத்துங்கள். டிடெயில்ஸ் என்ற காட்சியில் தேதித் தலைப்பின் மேல் ஒரு கிளிக் போதும். கடைசி ஒரு வாரத்தில் மாறியதைத் தொடவே வேண்டாம். அதற்கும் பழையதில், பெயர் தெரிந்த கோப்பு, வேர்டு கோப்பு, எக்செல் கோப்பு, படம் என்று ஏதாவது தட்டுப்பட்டால் திறந்து பாருங்கள். சின்னச் சின்ன ஃபோல்டர்கள் இருக்கும், அவற்றுக்குள்ளும் ஒரு பார்வை வேண்டும். என்னுடையது அப்படி ஒன்றுக்குள்தான் இருந்தது, மேலோட்டமாகப் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. மேலே இருக்கும் தேடல் கட்டத்தில் வேர்டு கோப்பின் பெயர் முடியும் docx என்ற எழுத்துகளைத் தட்டினால் எல்லா உள் ஃபோல்டர்களிலும் தேடித் தந்துவிடும். சரி, எல்லாம் பார்த்தாயிற்று என்றால் ஷிஃப்ட் இல்லாமல் வெறும் டெலீட். ரீசைக்கிள் பின்னில் ஒரு வாரம் கிடக்கட்டும். இடம் அப்போதே கிடைக்காது, உண்மைதான். ஒரு வாரம் பொறுத்துக் கிடைக்கும்.

அழிப்பதற்கு முன் கணினியை ஒரு முறை ரீஸ்டார்ட் செய்வதும் அவசியம். சில மென்பொருள்கள் தம்மை நிறுவிக்கொள்ளும்போது தேவையானதை டெம்ப் ஃபோல்டரில் பிரித்து வைத்துவிட்டு, ரீஸ்டார்ட் கேட்டுக் காத்திருக்கும். அந்த இடைவெளியில் அழித்தால் நிறுவல் பாதியில் உடைந்துபோகும். பயன்பாட்டில் இருக்கிறது என்று மறுக்கும் கோப்பைத் தாண்டி விடுங்கள், அதை எப்படியாவது அழித்தே தீர வேண்டும் என்று வேறு வழி தேட வேண்டாம்.

கையால் செய்யத் தயங்குகிறவர்களுக்கு விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஸ்டோரேஜ் என்ற பகுதி இருக்கிறது. எது எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று அங்கேயே பட்டையாகக் காட்டும். அதில் தற்காலிகக் கோப்புகள் என்பதைத் திறந்தால், வகை வாரியாக டிக் செய்து அழிக்கலாம். என் பார்வையில் வீட்டுக் கணினிக்கு இதுவே போதும். ஆனால் அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் என்ற ஒரு வரியும் நிற்கும். அது நாம் இறக்கி வைத்த சான்றிதழ், ரசீது, படம் எல்லாம் இருக்கும் ஃபோல்டர். தானாக டிக் ஆகியிருக்காது, ஆர்வக் கோளாறில் நாம் டிக் செய்துவிடக் கூடாது. 2018 இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பில் டிஸ்க் க்ளீனப் பட்டியலிலும் இதே டவுன்லோட்ஸைச் சேர்த்தார்கள். பழக்க தோஷத்தில் எல்லாவற்றையும் டிக் செய்கிறவர்கள் மாட்டிக்கொண்டார்கள். 2020இல் வந்த பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள்.

ப்ரீஃபெட்ச் பற்றி எழுதியது முழுக்கத் தவறு. விண்டோஸ் எக்ஸ்பி வந்த 2001 முதல் அந்த ஃபோல்டர் இருக்கிறது. எந்த மென்பொருள் தொடங்கும்போது எந்தெந்தத் துண்டுகள் தேவைப்பட்டன என்று விண்டோஸ் அதில் எழுதி வைத்துக்கொள்கிறது, அடுத்த முறை சீக்கிரம் திறப்பதற்காக. அதை அழித்தால் முதல் சில தடவை எல்லாம் மெதுவாகத்தான் திறக்கும். வேகப்படுத்துவதாகச் சொல்லி வேகத்துக்காக வைத்திருப்பதை அழிக்கச் சொல்வது நியாயமா?

உண்மையில் டெம்ப் ஃபோல்டரைத் துடைப்பதால் கணினி வேகமாகிவிடும் என்ற எண்ணமே மிகை. டிஸ்க் நிரம்பி வழிகிற நிலையில்தான் அதனால் பயன் தெரியும். அப்போது அப்டேட் இறங்காது, வேலை இழுக்கும், இடம் கிடைத்தால் மூச்சு விடும். பாதி காலியாக இருக்கும் டிஸ்க்கில் இரண்டு ஜிபி அழித்தால் ஒரு வித்தியாசமும் வராது. என் கணினியிலும் வரவில்லை. அன்று அது இழுத்ததற்குக் காரணம், பிரவுசரில் நான் திறந்து வைத்திருந்த முப்பதுக்கும் மேற்பட்ட பக்கங்கள் என்று அந்தப் பையன் காட்டினான். அவற்றை மூடினதும் சரியாகிவிட்டது.

டிஸ்க் நிரம்பிவிட்டது என்று சொல்பவர்கள் வீட்டிலும் காரணம் பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கும். ஒரு தோழியின் மடிக்கணினியில் 128 ஜிபிதான் மொத்த இடம். பட்டை சிவப்பாகி மாதக்கணக்காகிறது, வாரம் தவறாமல் டெம்ப்பைத் துடைக்கிறார், போதவில்லை. ஸ்டோரேஜ் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். தற்காலிகக் கோப்புகள் ஒரு ஜிபி கூட இல்லை. ஒரே குடும்ப நிகழ்ச்சியின் வீடியோக்கள் டெஸ்க்டாப்பில் ஒரு முறை, டவுன்லோட்ஸில் இரண்டு முறை என்று 40 ஜிபிக்கு மேல் கிடந்தன. ஒரு படியை வெளி டிஸ்க்கில் வைத்து, திறந்து ஓடுகிறதா என்று பார்த்த பிறகு மற்றதை அழித்தோம்.

விண்டோஸ் பெரிய பதிப்புக்கு மாறிய பிறகு பழைய விண்டோஸ் அப்படியே ஒரு தனி ஃபோல்டரில் நிற்கும், பல ஜிபி அளவில். புதியது ஒத்துவராவிட்டால் திரும்பிப் போவதற்காக அது. வழக்கமாகப் பத்து நாளில் தானே அழிந்துவிடும். அவசரப்பட்டு அழித்துவிட்டால் திரும்பும் வழி அடைபட்டுவிடும்.

பிரவுசரில் கேஷ் எனப்படும் தற்காலிகச் சேமிப்பை அழிக்கும்போது கடவுச்சொற்கள் என்ற கட்டத்தை டிக் செய்யாதீர்கள். அவ்வளவுதான் அதில் சொல்ல வேண்டியது.

இன்னொன்று. ஒரே கிளிக்கில் எல்லாவற்றையும் சுத்தம் செய்து தருவதாகச் சொல்லும் இலவச மென்பொருள்களைத் தேடிப் போகாதீர்கள் என்றும் உங்கள் பகுதியில் எழுத வேண்டும். சிசிக்ளீனர் என்ற பெயர் பெற்ற மென்பொருளின் ஒரு பதிப்பில் 2017இல் தீங்கான நிரல் நுழைந்து, அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தே ஏறத்தாழ ஒரு மாதம் விநியோகமானது. 22 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் அது ஏறியதாக நிறுவனமே கணக்குச் சொன்னது. பெயர் தெரிந்ததன் கதியே இது என்றால், விளம்பரத்தில் தலைகாட்டும் பெயர் தெரியாதவற்றை என்ன சொல்ல. விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்யும் மென்பொருள்களைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட்டே அறிவித்திருக்கிறது. கணினியில் இருப்பதை வைத்தே செய்ய முடிகிற வேலைக்கு வெளியாள் எதற்கு?

நானும் என் பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். மின்னஞ்சலில் எது வந்தாலும் முதலில் டாக்குமென்ட்ஸில் நூலின் பெயரில் ஒரு ஃபோல்டர், ஜிப்பை அங்கே அவிழ்த்துவிட்டுத்தான் திறப்பது. வேர்டில் ஃபைல் என்பதை அழுத்தி இன்ஃபோ பக்கத்துக்குப் போனால் கோப்பின் பெயருக்குக் கீழே அது இருக்கும் இடம் சின்ன எழுத்தில் தெரியும். அதில் ஆப்டேட்டா, டெம்ப் என்ற சொற்கள் தென்பட்டால் உடனே சேவ் ஆஸ் கொடுத்து வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். மூன்று நாளில் ஒரு முறையாவது அந்த வரியை நான் பார்த்திருந்தால் போதும். மின்னஞ்சலில் வந்ததை அங்கிருந்தே திறந்து திருத்துகிறவர்கள், ஆசிரியர்கள், கணக்கு எழுதுகிறவர்கள், ஆராய்ச்சி மாணவர்கள் எல்லோரும் இன்றே அவரவர் கோப்பு எங்கே இருக்கிறது என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ஐயா, உங்களிடம் என் கோரிக்கை இதுதான். அந்தக் குறிப்பு வந்த அதே பகுதியில், அதே அளவில், திருத்திய குறிப்பு ஒன்றை வெளியிடுங்கள். ஒரு வாரம் என்ற எல்லை, ஷிஃப்ட் வேண்டாம் என்பது, ப்ரீஃபெட்சைத் தொட வேண்டாம் என்பது, இந்த மூன்றுமாவது அதில் கட்டாயம் இருக்கட்டும். அச்சுக்குப் போகும் முன் எனக்கு அனுப்பினால் மெய்ப்புப் பார்த்து அன்றே திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
உங்கள் நீண்ட நாள் வாசகி